வயிறு வலிக்கச் சிரித்தது தப்பா?

கேள்வி: போன ஞாயிற்றுக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் 'ஃபார் ரிச்சர் ஆர் பூரர்' என்ற பழைய ஆங்கிலப் படம் பார்த்தோம். அமெரிக்காவில் நவீன வசதிகளைத் தவிர்த்துப் பழைய முறையில் வாழும் கிறிஸ்தவர்களான ஆமிஷ் மக்கள் ஊரில் போய் ஒளிந்துகொள்ளும் புருஷன் பெண்டாட்டி கதை. வயிறு வலிக்கச் சிரித்தோம். கல்லூரியில் படிக்கும் மகளோ, "சாமி கும்பிட்டுக்கிட்டு அவங்க பாட்டுக்கு இருக்கறவங்களைக் கேலி பண்ற படம்மா இது" என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து மனசு உறுத்துகிறது. ரசித்தது தப்பா?
- ஒரு வாசகி

பதில்: தப்பே இல்லை அம்மா. 1997-ல் வந்த படம். விமர்சகர்கள் அப்போதே திட்டித் தீர்த்துவிட்டார்கள்; உங்கள் மகள் கொஞ்சம் லேட். நான் இரண்டு முறை பார்த்து, இரண்டு முறையும் சிரித்தவன்.

எந்த இடத்தில் சிரித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நியூயார்க்கில் பணத்தில் புரண்ட தம்பதி. கணக்கு பார்த்தவன் செய்த தில்லுமுல்லால் வரித்துறை துரத்துகிறது. விவாகரத்து வரை போன இருவரும் பென்சில்வேனியாவில் ஓர் ஆமிஷ் வீட்டுக்குள், உறவுக்காரர்கள் என்று பொய் சொல்லி நுழைகிறார்கள். கணவனாக நடிக்கும் டிம் ஆலன் ஏர் பிடித்தால் அவர் நிலத்தை உழுகிறாரா, குதிரை அவரை உழுகிறதா என்றே தெரிவதில்லை. மனைவியாக வரும் கிர்ஸ்டி ஆலிக்கு வீட்டு வேலையே புது பாஷை. அந்த வீட்டுக்காரர்கள் விடியுமுன் எழுந்து தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். பட்டணத்து மாப்பிள்ளை வரப்பில் வழுக்கி விழுந்தால் நாம் வரப்பைப் பார்த்தா சிரிக்கிறோம்?

மகள் பேச்சிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் அது கேலி பற்றியது இல்லை, படம் சரியாக விசாரிக்காதது பற்றியது. கதாநாயகி வந்துதான் அவர்கள் உடுப்பில் நிறமே சேர்கிறது என்பதுபோல் காட்டுகிறார்கள். பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் பக்கத்து ஆமிஷ் பெண்கள் நீலம், பச்சை, ஊதா எல்லாம் உடுத்துகிறவர்கள்தான். பூப்போட்டது, கட்டம் போட்டதுதான் கிடையாது. பட்டனுக்குப் பதில் குண்டூசி குத்திக்கொள்வார்கள். அப்புறம் மொழி. வீட்டுக்குள் அவர்கள் பேசுவது பென்சில்வேனியா ஜெர்மன். வெளியாள் யாராக இருந்தாலும் அவர்களுக்கு 'இங்கிலீஷ்'காரர்தான். நியாயமாகப் பார்த்தால் நம் ஜோடி முதல் நாள் சாப்பாட்டு மேசையிலேயே மாட்டியிருக்க வேண்டும்!

எனக்கு வேறொரு வருத்தம். ஆமிஷ் மக்கள் வருமான வரி கட்டுகிறவர்கள். வரிக்காரனுக்குப் பயந்து ஓடியவன், ஒழுங்காக வரி கட்டும் ஊரில் போய் ஒளிகிறான். இதைவிட நல்ல நகைச்சுவை எங்கே கிடைக்கும்? கோட்டை விட்டுவிட்டார்கள். தொலைபேசியை வீட்டுக்குள் சேர்க்காமல், தள்ளி ஒரு சின்னக் கொட்டகையில் வைத்திருக்கும் குடும்பங்கள் அங்கே உண்டு. மழையில் அதுவரை ஓடி, அழைப்பு நின்றுபோய் நிற்கும் டிம் ஆலனைக் கற்பனை செய்து பாருங்கள்.

அடுத்த முறை மகளையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: 'இன்டர்கோர்ஸ்' என்று அந்த ஊரின் பெயர் வரும்போது காபி போடும் சாக்கில் எழுந்துவிடுங்கள். அது கற்பனை ஊர் இல்லை, லங்காஸ்டர் மாவட்டத்தில் அதே பெயரில் இருக்கிறது. அர்த்தம் என்னவென்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டால், படித்த பிள்ளை பதில் சொல்லட்டும்.