வீல்சேருக்காக வீட்டை மாற்றுகிறீர்களா? வாங்கும் முன் அளந்து பாருங்கள்

கேள்வி: வாசலில் மூன்று படிகள், மொத்த உயரம் 45 செ.மீ. 1.8 மீட்டர் நீள மடக்குச் சாய்தளம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். அம்மா யார் துணையும் இல்லாமல் ஏறி இறங்க அது போதுமா?

பதில்: போதாது, வாங்காதீர்கள். தானே உருட்டிக்கொண்டு ஏற, ஒவ்வொரு செ.மீ. உயரத்துக்கும் குறைந்தது 12 செ.மீ. நீளம் வேண்டும். அந்தக் கணக்கில் உங்கள் வாசலுக்கு 5.4 மீட்டர். நீங்கள் பார்த்ததைப் போட்டால் சரிவு 1:4 ஆகிவிடும். ஏறும்போது முன்சக்கரங்கள் எழும்பி நாற்காலி பின்பக்கம் கவிழும். இறங்கும்போது அடிவாரத்தில் கால்தாங்கி தரையில் முட்டி ஆளை முன்னால் தள்ளும். அந்தப் பலகை 15 செ.மீ. உயரமுள்ள ஒற்றைப் படிக்குத்தான் சரி.

நேராகப் போட இடமில்லையென்றால், சாய்தளத்தை நடுவில் திருப்பி இரண்டு ஓட்டமாகக் கட்டுங்கள். திரும்பும் இடத்தில் 1.5 மீட்டருக்கு 1.5 மீட்டர் சமதளம் விட வேண்டும். மேலே கதவுக்கு முன்பும் அதே அளவு. பலர் மிச்சம் பிடிப்பது இந்த மேல் சமதளத்தில்தான். அது இல்லாவிட்டால், சரிவிலேயே நின்று ஒரு கையால் பூட்டைத் திறக்கும்போது மறு கை ஒற்றைச் சக்கரத்தை மட்டும் பிடித்திருக்கும்; நாற்காலி திரும்பிக்கொண்டு கீழே உருளும். சக்கரம் நழுவாமலிருக்க ஓரங்களில் 10 செ.மீ. வரம்பும் இருபுறமும் கைப்பிடியும் வையுங்கள். மேலே டைல்ஸ் வேண்டாம். ஈரச் சிமென்டில் விளக்குமாற்றைக் குறுக்காக இழுத்த சொரசொரப்பே நல்ல பிடிப்பு தரும்.

கேள்வி: பாத்ரூம் கதவு 70 செ.மீ., நாற்காலி 64 செ.மீ. நுழைந்துவிடும்தானே?

பதில்: கதவுப் பலகையின் அகலத்தை நம்பாதீர்கள். கதவை 90 பாகை திறந்து, பலகையின் முகத்திலிருந்து எதிர் நிலை வரை அளந்து பாருங்கள். பலகையின் தடிமனே 3 முதல் 4 செ.மீ. தின்றுவிடும். 66 மிஞ்சினால் பக்கத்துக்கு ஒரு செ.மீ.தான்; சக்கரம் தள்ளும் விரல்முட்டி நிலையில் உரசித் தோல் கிழியும். குறைந்தது 80 செ.மீ. வழி வேண்டும், குறுகலான நடையிலிருந்து திரும்பி நுழைவதானால் 90. கதவை வழியிலிருந்து முழுதாக ஒதுக்கும் கீல் கிடைக்கிறது. ஆனால் அது அந்தத் தடிமனை மட்டுமே மீட்டுத் தரும். உங்கள் வீட்டில் நிலையைப் பெயர்க்கத்தான் வேண்டும். பெயர்க்கும்போதே கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றிவிடுங்கள். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்நோக்கித் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: சுவரைத் துளைக்காமல், ரப்பர் கோப்பையால் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடி பாதுகாப்பானதா?

பதில்: உடல் எடையைத் தாங்க அதை ஒருபோதும் நம்பக் கூடாது. டைல்ஸ் இணைப்புக் கோட்டின் மேல் கோப்பையின் விளிம்பு பட்டாலே காற்று புகுந்து பிடி தளரும். வெளியே பார்த்தால் ஒட்டியபடியே இருக்கும். முழு எடையும் விழும் நொடியில் கையோடு வந்துவிடும். துண்டு போடும் கம்பியும் அப்படித்தான்.

குறைந்தது 115 கிலோ தாங்கும், 3.2 முதல் 3.8 செ.மீ. தடிமனுள்ள கம்பியாகப் பாருங்கள். சுவருக்கும் கம்பிக்கும் இடையே 4 செ.மீ. போதும், இடைவெளி பெரிதானால் முன்கை உள்ளே வழுக்கிச் சிக்கிக்கொள்ளும். டைல்ஸ் வெறும் தோல்தான், ஆங்கர் போல்ட் (கம்பியைச் சுவரோடு இறுக்கும் திருகாணி) அதைத் தாண்டிச் செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ பதிய வேண்டும். ஹாலோ பிளாக் சுவரில் சாதாரணப் பிளக் உருவிக்கொண்டு வரும். அங்கே பசை ஊற்றிப் பதிக்கும் ஆங்கர்தான் கேளுங்கள்.

உயரத்தை வேலையாளிடம் விட்டுவிடாதீர்கள். வழக்கமான அளவு தரையிலிருந்து 84 முதல் 91 செ.மீ. வரை. ஆனால் பயன்படுத்தப்போகிறவரையே கமோடில் உட்காரவைத்து, கை இயல்பாக ஊன்றும் இடத்தில் டேப் ஒட்டிவிட்டுத் துளைக்கச் சொல்லுங்கள். கமோடின் இருக்கையும் நாற்காலியின் மெத்தையும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். மெத்தையை அவர் உட்கார்ந்து அமுங்கியிருக்கும்போது அளக்க வேண்டும்.

வாஷ்பேசினுக்கு அடியில் வெந்நீர்க் குழாய் போனால் அதற்கு உறை மாட்டுங்கள். காலில் உணர்வில்லாதவருக்கு முழங்கால் சுடுவதே தெரியாது.