பிரேக்கை மிதித்தும் செல்ஃப் எடுக்கவில்லையா?

கேள்வி: என்னுடையது பட்டன் ஸ்டார்ட், ஆட்டோமேட்டிக் கார். எட்டு வருடம் ஆகிறது. சில நாள் காலையில் பிரேக்கை மிதித்துப் பட்டனை அமுக்கினால் டேஷ்போர்டு விளக்குகள் மட்டும் வருகின்றன, செல்ஃப் எடுப்பதில்லை. திரும்பத் திரும்ப மிதித்தால் எடுத்துவிடும். இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகும் சில சமயம் கியர் லிவர் ‘பி’யை (பார்க்கிங்) விட்டு நகராது. பேட்டரி மாற்றியாயிற்று. இப்போது செல்ஃப் மோட்டாரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: கொஞ்சம் பொறுங்கள். செல்ஃப் மோட்டார் கெட்டால் கியர் லிவர் ஏன் மாட்டிக்கொள்ளப் போகிறது? இரண்டுக்கும் பொதுவானது பிரேக் பெடல் ஸ்விட்ச்தான். பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அமுக்கினாலும் இதே மாதிரி விளக்குகள் மட்டும்தான் வரும், பார்த்திருப்பீர்கள். நீங்கள் மிதித்த செய்தி கம்ப்யூட்டருக்குப் போகவில்லை.

அடுத்த முறை மக்கர் செய்யும்போது வீட்டில் யாரையாவது வண்டிக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் மிதிக்கும்போது பிரேக் லைட் எரியவில்லை என்றால் ஸ்விட்ச் அல்லது ஃபியூஸ். எரிகிறது என்றாலும் ஸ்விட்ச் நல்லது என்று விட்டுவிட முடியாது. பல வண்டிகளில் அதற்குள் இரண்டு சர்க்யூட் இருக்கும். மிதித்தால் ஒன்று சேரும், மற்றது பிரியும். இரண்டும் முரணாகச் சொன்னால், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பி0504 (P0504) என்ற பிழைக் குறியீடு வரலாம். குறியீடு எதுவும் வராவிட்டாலும், ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் பிரேக் ஸ்விட்ச் வரியைத் திறந்து வைத்துக்கொண்டு பெடலை மெதுவாக மிதித்து விடச் சொல்லுங்கள், ஆன்-ஆஃப் தடுமாறுவது கண்ணிலேயே தெரியும். ஸ்கேனர் இல்லாத மெக்கானிக் என்றால் மல்டிமீட்டர் போதும்: பிரேக் லைட்டுக்கான இரண்டு ஒயர்களில் ஒன்றில் எப்போதும் 12 வோல்ட் இருக்க வேண்டும், மற்றதில் மிதித்தால் மட்டும். முதல் ஒயரிலேயே இல்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள்.

காலையில் மட்டும் என்றால் இன்னொரு சந்தேகமும் உண்டு. பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டரில் இருந்த வேக்கம் (வெற்றிடம்) ராத்திரியில் கசிந்துவிட்டால் பெடல் கல் மாதிரி இருக்கும், ஸ்விட்ச் வேலை செய்யும் அளவுக்கு இறங்காது. ஆனால் இன்ஜின் ஓடி, பெடல் மெத்தென்று இறங்கும்போதும் உங்கள் லிவர் நகரவில்லையே! அதனால் என் ஓட்டு ஸ்விட்சுக்குத்தான். செல்ஃப் மோட்டாரோடு ஒப்பிட்டால் செலவும் சொற்பம்.

வழியில் மாட்டிக்கொண்டால், பல கார்களில் லிவர் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, அதற்குள் சாவியை விட்டு அழுத்தினால் லிவர் விடுபடும். பிரேக் லைட் எரியாமல் மட்டும் ஓட்டாதீர்கள்.

கேள்வி: வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் பிரேக் லைட் அணைவதில்லை. காலையில் பேட்டரி காலி. ஸ்விட்சை மாற்ற வேண்டுமா?
– வாசகி, மதுரை

பதில்: முதலில் டிரைவர் பக்கக் கால்மிதியைத் தட்டிப் பாருங்கள், பிளாஸ்டிக் துணுக்குகள் கிடக்கிறதா என்று. பெடல் தண்டில் ஸ்விட்சின் முனை வந்து முட்டும் இடத்தில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு ஸ்டாப்பர் இருக்கும். பழைய வண்டிகளில் அது நொறுங்கி விழுந்துவிடும், முனை அந்த ஓட்டைக்குள் நுழைந்துகொள்ளும், வண்டியோ நீங்கள் இன்னும் மிதித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளும். அப்படியென்றால் ஸ்விட்சைத் தொட வேண்டாம், ஸ்டாப்பர் மட்டும் வாங்கி மாட்டுங்கள். கிடைக்கும் வரை ராத்திரியில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வையுங்கள்.