கோல்களில் படம் இல்லாவிட்டால் எதைப் படிப்பது?

கேள்வி: குறி பார்க்கப் பயன்படும் டாரட் சீட்டுக்கட்டு ஒன்றை, மார்செய் என்னும் பழைய பிரெஞ்சுப் பாணியில், அண்மையில் வாங்கினேன். அப்பா நடத்திவரும் பூக்கடையை நான் ஏற்கலாமா என்று நினைத்து மூன்று சீட்டுகளை எடுத்தபோது, கோல், வாள், கிண்ணம், நாணயம் என்னும் நான்கு வரிசைகளில் கோல் வரிசையின் ஏஸ் (ஒன்று), ஐந்து, பத்து ஆகியவை வந்தன. என் தோழியின் கட்டில் பத்தாம் சீட்டில் ஒருவர் சுமையால் குனிந்து நடக்கிறார். என்னுடையதிலோ குறுக்கு நெடுக்காகக் கோல்கள்தாம் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே பொருள்தானா, ஐயா?
(வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு)

பதில்: இல்லை அம்மா. தோழியின் கட்டில் நீங்கள் பார்த்த அந்தச் சுமைகாரர், 1909-இல் லண்டனில் வெளியான ரைடர் வெய்ட் கட்டுக்காகப் பமேலா கோல்மன் ஸ்மித் என்னும் ஓவியர் வரைந்தவர். மார்செய் பாணி அதைவிட மிகப் பழையது. அதில் இரண்டு முதல் பத்து வரையுள்ள கோல் சீட்டுகளில் மனிதர் எவரும் இல்லை. அங்கே இல்லாத சுமைகாரரை வேறொரு கட்டிலிருந்து கொண்டுவந்து உட்காரவைத்தால், நீங்கள் படிப்பது உங்கள் சீட்டை அன்று, தோழியின் சீட்டையே.

கோல்களை எண்ணிப் பாருங்கள். அவை எப்படிப் பின்னியிருக்கின்றன என்று பாருங்கள். ஏஸில் ஒரு கை, கிளைகள் வெட்டப்பட்ட தடித்த மரத்துண்டு ஒன்றைப் பிடித்திருக்கிறது. கழித்த கிளைகளின் அடித்தழும்புகள் அதில் தெளிவாகத் தெரிகின்றன. ஆற்றல் இருக்கிறது, ஆனால் சிலவற்றை விட்டுக்கொடுத்த பிறகே அது கைக்கு அடங்கியிருக்கிறது என்று நான் அதைப் படிப்பேன். ஐந்தில் நான்கு கோல்கள் சாய்வாகப் பின்ன, ஐந்தாவது நடுவே நிமிர்ந்து நிற்கிறது. படக்கட்டில் இதே எண்ணுக்கு இளைஞர்கள் ஐவர் கம்பு சுழற்றிக்கொண்டு மோதுவதால் பலரும் இதைச் சண்டைச் சீட்டு என்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். உங்கள் சீட்டில் மோதல் எதுவும் இல்லை. நால்வர் கருத்துகளுக்கு நடுவே தன் முடிவில் நிற்கவேண்டிய ஒருவரைத்தான் நான் அங்கே காண்கிறேன்.

பத்தாம் சீட்டில் சற்று நின்று பாருங்கள். எட்டுக் கோல்கள் பாய் முடைந்ததுபோல் நெருக்கமாகப் பின்னியிருக்க, நடுவே இரண்டு கோல்கள் அருகருகே செல்கின்றன. டாரட் 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டமாகவே பிறந்தது. அந்தப் பழைய ஆட்டத்தில் கோலுக்கும் வாளுக்கும் எண் ஏற ஏற மதிப்பும் ஏறும், கிண்ணத்துக்கும் நாணயத்துக்கும் எண் ஏற ஏற மதிப்பு இறங்கும். ஆகவே கோல் பத்து, எண் சீட்டுகளில் அந்த வரிசையின் உச்சம். அதைப் பார்த்தவுடன் பாரம் என்று முடிவுகட்டுவதற்கு ஆட்டத்தின் வரலாறு இடம் தரவில்லை. பின்னல் இறுக்கமானது, ஓய்வுக்கு இடைவெளி குறைவு என்பது உண்மையே. ஆயினும் நடுவில் இருப்பது ஒன்று அன்று, இரண்டு. கடையை ஏற்பதானால் தனியாக ஏற்காதீர்கள், அப்பாவோ உடன்பிறந்தவரோ சில காலம் கூட நிற்கட்டும் என்பதே என் வாசிப்பு. இதைக் கேட்டுவிட்டுக் கடையின் கணக்குப் புத்தகத்தைத் திறக்காமல் இருந்துவிடாதீர்கள். வாடகையையும் அன்றாட விற்பனையையும் சீட்டு அறியாது.

கேள்வி: கோல் நெருப்பைக் குறிக்கிறது என்று ஒரு நூலும், உழவரைக் குறிக்கிறது என்று மற்றொன்றும் கூறுகின்றன. எது சரி?
(வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: இரண்டும் பிற்காலத்தவர் ஏற்றிய பொருள்களே. 1781-இல் பிரான்சின் கூர் டி ஜெபலின் டாரட்டைப் பற்றி எழுதியபோது கோலை உழவருக்கு உரியதாக்கினார். நெருப்பு என்னும் பொருத்தம், 1888-இல் லண்டனில் தொடங்கப்பட்ட கோல்டன் டான் என்னும் மறைஞானச் சங்கத்தின் வழியே பரவியது. பழைய கட்டைக் கையில் வைத்திருப்பவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என்பதில்லை. கோல் மரம்; மண்ணில் வளரவும் செய்யும், எரியவும் செய்யும்.

கேள்வி: என் மகன் சிலம்பம் பயில்கிறான். இந்தச் சீட்டிலுள்ள கோலும் சண்டைக்கான ஆயுதமா என்று கேட்கிறான்.
(வாசகி, பிறை)

பதில்: அதன் தொடக்கம் போர்க்களம் அன்று, விளையாட்டுத் திடல். எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் சீட்டுகளில் இந்த இடத்தில் போலோ மட்டைகள் இருந்தன. அத்தகைய கட்டு ஒன்று இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில் இன்றும் உள்ளது. 14-ஆம் நூற்றாண்டில் சீட்டுகள் ஐரோப்பாவுக்கு வந்தபோது அங்குள்ளோர் போலோவை அறிந்திருக்கவில்லை. எனவே மட்டை அவர்கள் கையில் தடியாக மாறிவிட்டது.

கோல் ஆயுதமாகுமா ஆகாதா என்பது பிடித்த கையைப் பொறுத்தது. தண்ணீர்மலையில் நாம் வணங்கும் பாலதண்டாயுதபாணியின் கையிலுள்ள தண்டம் துறவின் அடையாளமும்கூட என்று மகனுக்குச் சொல்லுங்கள். பிறகு கோல் வரிசையின் பணியாளையும் ராஜாவையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். பணியாள் கரடுமுரடான பெருந்தடியைத் தரையில் ஊன்றி நிற்கிறான். ராஜா செதுக்கி வேலைப்பாடு செய்த கோலைப் பிடித்திருக்கிறார். சிலம்பம் பயில்பவனுக்கு அந்த இரண்டு சீட்டுகளுக்கும் இடையிலுள்ள தொலைவு எளிதில் புரியும்.