இருபது டாலரும் ஒரு துண்டு கேக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘ஸ்பைடர்மேன் 2’ பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்துவிட்டு, பிளஸ் ஒன் படிக்கும் மகளோடு உட்கார்ந்து படத்தைப் பார்த்தேன். ரயில் சண்டை அபாரம். ஆனால் வாடகை பாக்கி, பீட்சா டெலிவரி, கேக் தின்பது என்று படம் நெடுநேரம் நகரவே இல்லை. சூப்பர்ஹீரோ படத்தில் இதெல்லாம் எதற்கு? வெட்டியிருந்தால் படம் கச்சிதமாக இருந்திருக்கும். நீங்கள் ஒரு குறைகூடச் சொல்லவில்லை என்பதும் உறுத்தியது. நாயகி மேரி ஜேனைப் பற்றி என் மகள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: “இந்தப் பெண்ணுக்குக் கடத்தப்படுவதைத் தவிர வேறு வேலையே இல்லையா?”

ர., திருநெல்வேலி

அன்புள்ள ர.,

குறை எதையும் சொல்லாதது என் தவறு. பதினைந்து வருடங்களுக்கு மேலாகத் திரும்பத் திரும்பப் பார்க்கும் படம். அந்தப் பிரியத்தில் எழுதிவிட்டேன். ஆனால் நீங்கள் வெட்டச் சொல்லும் இடங்களை வெட்ட நான் சம்மதிக்க மாட்டேன். என் கணக்கில் படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

ஸ்பைடர்மேனாக மாறும் இளைஞன் பீட்டரின் பிறந்தநாள் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கணவரை இழந்த பெரியம்மா மே, வீட்டுக் கடனைக் கட்ட முடியாமல் தவிக்கிறார். வீடே கையை விட்டுப் போகும் நிலை. அந்த நிலையிலும் பீட்டரின் கையில் இருபது டாலரைத் திணிக்கிறார். அவன் வேண்டாம் என்கிறான். உடனே அவர் குரல் உடைந்து, வாங்கிக்கொள் என்று கோபமாகக் கத்திவிடுகிறார். அடுத்த கணமே மன்னிப்புக் கேட்டு அழுகிறார். கொடுக்க இவ்வளவுதானே இருக்கிறது என்ற அவமானம்தான் அந்தக் கோபம். நம் வீடுகளில், ஊருக்குக் கிளம்பும் பிள்ளையின் சட்டைப் பையில் பாட்டிமார் பணத்தைச் செருகும்போது இந்தக் கோபத்தை நான் பார்த்திருக்கிறேன். ஓடும் ரயிலை இழுத்து நிறுத்தக்கூடியவன் பீட்டர். அந்தச் சமையலறையில் அவனுடைய பலத்தால் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

இயக்குநர் சாம் ரெய்மி இதையே படம் நெடுகச் செய்கிறார். பெரியப்பாவின் சாவில் தனக்கும் பங்குண்டு என்று பீட்டர் பெரியம்மாவிடம் ஒப்புக்கொள்கிறான். அவர் திட்டவில்லை, அழவும் இல்லை. மேசைமேல் அவன் பிடித்திருந்த கையை மெல்ல விலக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறார். மேயாக நடித்த ரோஸ்மேரி ஹாரிஸின் அந்தக் கை விலகும் ஓரிரு நொடிகளுக்கு ஈடாக, பின்னால் வந்த எத்தனையோ சூப்பர்ஹீரோ படங்களில் ஒரு சண்டைகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை.

கேக்குக்கு வருகிறேன். சக்தியை இழந்து சாதாரண ஆளாக இருக்கும் பீட்டர், எரியும் கட்டடத்துக்குள் ஓடி ஒரு குழந்தையைத் தூக்கி வருகிறான். வெளியே வந்து மூச்சு வாங்கும்போதுதான், நான்காவது மாடியில் இன்னொருவர் சிக்கி இறந்துவிட்டார் என்பது காதில் விழுகிறது. இந்தப் பாரத்தோடு இருப்பவனின் அறைக் கதவைத்தான் வீட்டுக்காரரின் மகள் தட்டுகிறாள். ஒல்லியான, கூச்சப்படுகிற பெண். சாக்லேட் கேக் வேண்டுமா என்கிறாள். சரி என்கிறான். பால்? அதுவும் சரி. அவ்வளவுதான் காட்சி. கதை இதனால் ஓர் அங்குலம்கூட நகரவில்லை, உண்மை. ஆனால் ஊரையெல்லாம் காப்பாற்றியவனுக்கு யாரோ ஒருவர் ஒரு வாய் சாப்பிடக் கொடுக்கிறார்கள். நீங்கள் அபாரம் என்று சொன்ன ரயில் சண்டை எப்படி முடிகிறது என்று பாருங்கள். மயங்கி விழுபவனைப் பயணிகள் தலைக்கு மேல் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கிச் சென்று கிடத்துகிறார்கள். முகமூடி இல்லாத முகத்தைப் பார்த்து, இவன் சின்னப் பையன், என் மகனைவிடப் பெரியவன் இல்லை என்கிறார் ஒருவர். கேக்கை வெட்டினால் ரயில் காட்சியும் வலுவிழந்துவிடும். இரண்டும் ஒரே காட்சி என்றுதான் நான் சொல்வேன்.

இனிக் குறைகள். முதுகில் இரும்புக் கைகள் ஒட்டிக்கொண்ட விஞ்ஞானி, வில்லன் டாக்டர் ஆக்டோபஸாக வரும் ஆல்ஃப்ரட் மொலினா அருமையான நடிகர். ஆஸ்பத்திரியில் அந்த இரும்புக் கைகள் விழித்துக்கொள்ளும் காட்சி, பேய்ப்படம் எடுத்துப் பழகிய ரெய்மியின் கை எடுத்த காட்சி. பின்னணி இசை இல்லை, தரையைப் பிறாண்டும் விரல் நகங்களின் சத்தம் மட்டும். ஆனால் இவ்வளவு நல்ல வில்லனுக்கு எழுதிய கதையில் ஓட்டை இருக்கிறது. ஸ்பைடர்மேன் எங்கே என்று பீட்டரிடம் விசாரிக்க வருபவர், அவன் உட்கார்ந்திருக்கும் ஹோட்டல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு காரையே வீசுகிறார். பீட்டர் செத்திருந்தால் யாரிடம் விசாரிப்பார்? திரையில் அது பிரமாதமாக இருக்கிறது என்பதற்காக மட்டுமே கார் பறக்கிறது. கடைசியில், அவர் தன் சோதனையில் உருவாக்கிய, நகரத்தையே விழுங்க இருந்த குட்டிச் சூரியன் ஆற்றில் மூழ்கி அணைவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. வலை வீசும் சக்தி ஏன் போகிறது, எப்போது வருகிறது என்பதற்கும் படத்தில் உறுதியான விதி இல்லை. அவன் மனச்சோர்வின் வெளிப்பாடு என்று எடுத்துக்கொண்டேன், அதனால் அது என்னை அதிகம் தொந்தரவு செய்யவில்லை.

உங்கள் மகளின் கேள்விதான் பெரிய கேள்வி. மேரி ஜேன் இந்தப் படத்தில் மேடை நடிகை. அவளுக்கென்று உழைப்பும் பெயரும் இருக்கின்றன. இருந்தும் நாம் பார்ப்பது பீட்டர் அவள் நாடகத்துக்குத் தாமதமாக வருவதை. அவள் அந்த மேடைக்கு எப்படி வந்தாள் என்பதை அல்ல. வீட்டுக்காரரின் மகளுக்குக்கூட ஒரு கேக் துண்டு கொடுத்த இயக்குநர், நாயகிக்குச் சங்கிலியைத்தான் கொடுத்தார். முதல் படத்திலும் கடத்தல், இதிலும் கடத்தல், மூன்றாவதிலும் கடத்தல். கிர்ஸ்டன் டன்ஸ்ட் மாதிரி ஒரு நடிகையை வைத்துக்கொண்டு இப்படிச் செய்ததை என்னால் நியாயப்படுத்த முடியாது.

இருந்தாலும் உங்கள் மகளிடம் கடைசிச் சில நொடிகளை மட்டும் மறுபடி போட்டுக் காட்டுங்கள். வேறொருவனுடனான திருமணத்தை விட்டு மணக்கோலத்திலேயே பீட்டரிடம் ஓடிவந்த மேரி ஜேன், சைரன் கேட்டதும் பீட்டரைப் போகச் சொல்லிச் சிரிக்கிறாள். அவன் ஜன்னல் வழியாகப் பாய்ந்து போனபின் காமிரா ஒரு கணம் அவள் முகத்துக்குத் திரும்புகிறது. சிரிப்பு மறைந்துவிட்டிருக்கிறது. படம் அந்த முகத்தோடு முடிகிறது. அதில் உங்கள் மகளுக்கு என்ன தெரிந்தது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.