வீட்டுக்கல்வி: இலவசப் பாடநூல்கள் பற்றி வாசகர் கேள்விகள்

என் மகளுக்கு வீட்டிலேயே சொல்லித்தர இலவசப் பாடத்திட்டம் வேண்டும். (ஈரோடு)

வயது என்ன, தமிழ்வழியா ஆங்கிலவழியா? எதுவுமே எழுதாமல் கேட்டால் எப்படி? தமிழ்வழி என்றால் தமிழ்நாடு அரசின் பாடநூல் தளம், ஆங்கிலவழி என்றால் மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்சிஇஆர்டியின் தளம். இரண்டிலும் 1 முதல் 12 வரை பிடிஎஃப்பாகவே கிடைக்கும். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் சேர்த்து ஓட்டாதீர்கள்.

தமிழ்க் கதைகள்?

பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் இலவசக் கதைத் தளமான ஸ்டோரிவீவர். 2015 முதல் இருக்கிறது. வாசிப்பு நிலை 1-லிருந்து ஆரம்பியுங்கள். பொது உரிமத்தில் வருபவை, தாராளமாக அச்செடுக்கலாம்.

வாட்ஸ்அப் குழுவில் ஆறாம் வகுப்பு என்சிஇஆர்டி புத்தகங்கள் மொத்தமாக வந்தன. இவை போதுமா? (திருச்சி)

போதாது. மாதம் தவறாமல் இந்தக் கேள்வி வருகிறது. ஆறாம் வகுப்புக்கு 2024-ல் புத்தகங்களே மாறிவிட்டன. கணிதம் இப்போது 'கணித பிரகாஷ்', அறிவியல் 'கியூரியாசிட்டி'. குழுக்களில் சுற்றுவதோ பெரும்பாலும் 2006-ல் வந்த பழைய வரிசை. அதை வைத்து அரை வருடம் நடத்திவிட்டு, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது பாடமே வேறாக இருக்கிறது என்று தவிப்பவர்கள் எனக்கு எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். பிள்ளையின் உழைப்பல்லவா வீணாகிறது!

மூலத் தளத்தில் எடுங்கள். என்சிஇஆர்டியில் ஒவ்வொரு பாடமும் தனிக் கோப்பு, புத்தகத்தின் முன்பக்கங்களும் தனிக் கோப்பு. முதலில் அந்த முன்பக்கங்களைத் திறந்து பதிப்பு ஆண்டைப் பாருங்கள். தமிழ்நாட்டுப் புத்தகத்திலும் 'முதல் பதிப்பு', 'திருத்திய பதிப்பு' என்று தொடக்கத்திலேயே போட்டிருக்கும். ஒரு நிமிட வேலை.

இன்னொன்று. அரசுப் புத்தகத்தைத் தருவதற்கு ஒரு தளம் உங்கள் கைபேசி எண்ணைக் கேட்டால் உடனே வெளியே வாருங்கள். அப்புறம் டியூஷன் விற்கிறவர்களின் அழைப்பு ஓயாது. மூலத் தளங்களில் பாடநூல் எடுக்க எந்த எண்ணும் கொடுக்க வேண்டியதில்லை.

ஆய்வகம் இல்லாமல் அறிவியல்?

மின்சுற்று, விசை போன்றவற்றுக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற இணையச் சோதனைத் தளம். கணினித் திரையில் பேட்டரியையும் பல்பையும் பிள்ளையே இணைத்துப் பார்க்கலாம். பல சோதனைகள் தமிழிலும் உண்டு. கையால் செய்ய, எளிய பொருள்களில் அறிவியல் பொம்மைகள் செய்துகாட்டும் அரவிந்த் குப்தாவின் தளம். தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்டியூப் துண்டுகளால் இணைத்து ஒரு முக்கோணமும் ஒரு சதுரமும் செய்யச் சொல்லுங்கள். அழுத்தினால் சதுரம் சாயும், முக்கோணம் அசையாது. கூரைச் சட்டங்களை ஏன் முக்கோணமாக அடிக்கிறார்கள் என்று பிள்ளையே சொல்லிவிடும்.

பள்ளிக்குப் போகாமல் பத்தாம் வகுப்புத் தேர்வு? (மதுரை)

என்ஐஓஎஸ், அதாவது மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். பாடநூல்கள் அவர்கள் தளத்திலேயே இலவசம். தேர்வுக்குக் கட்டணம் உண்டு, அதையும் இலவசம் என்று நினைத்துக்கொண்டு கடைசி நாளில் ஓடாதீர்கள். வீட்டிலிருந்து எழுதித்தரும் ஒப்படைப்புகளுக்குச் சுமார் 20 சதவீத மதிப்பெண். அதையும் விட்டுவிடாதீர்கள். பாடநூலை இங்கேயும் மூலத் தளத்தில்தான் எடுக்க வேண்டும்.

இலவச வீடியோப் பாடத் தளமான கான் அகாடமி மட்டும் போதுமா?

கணக்குப் பயிற்சிக்குச் சரி. தமிழுக்கும் சமூக அறிவியலுக்கும் பாடநூல் வேண்டும்.