கென்யாவின் டானா ஆற்று மாவட்டம்: சதுர கிலோமீட்டருக்கு எட்டுப் பேர் எங்கே இருக்கிறார்கள்?

கென்யாவின் கிழக்கே, கரிஸ்ஸா பக்கமிருந்து இந்தியப் பெருங்கடல் வரை நீளும் டானா ரிவர் மாவட்டத்தின் நிலவியல், மக்கள்தொகை குறித்து வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: மக்கள் அடர்த்தி சதுர கி.மீ.க்கு 8 என்று படித்தேன். இவ்வளவு பெரிய ஆறு ஓடும் இடத்தில் இவ்வளவு குறைவா?

எண் சரிதான். 2019 கணக்கெடுப்பில் 3,15,943 பேர், பரப்பு 37,950.5 சதுர கி.மீ. வகுத்தால் 8.3 வரும். கென்யாவின் நிலத்தில் ஏறக்குறைய ஆறரை சதவீதம் இங்கே இருக்கிறது. மக்களில் முக்கால் சதவீதம்கூட இல்லை.

ஆனால் இந்த எட்டை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஆறு மாவட்டத்தை நிரப்பி ஓடவில்லை, விளிம்பில் ஒரு நாடாவைப் போல ஓடுகிறது. வெள்ளம் ஏறும் படுகை சில கிலோமீட்டர் அகலம்தான். விவசாயம், பள்ளி, சந்தை, தார்ச்சாலை எல்லாம் அந்த நாடாவை ஒட்டியே. அதைத் தாண்டி மேற்கே போனால் முள்காடும் காய்ந்த நிலமும். ஆண்டில் பல மாதம் ஆளே இருக்காது. வரைபடத்தில் மாவட்டம் முழுவதற்கும் ஒரே நிறம் பூசினால் அது பொய்யான வரைபடம். ஆற்றிலிருந்து எவ்வளவு தொலைவு என்று பட்டைகளாகப் பிரித்து நிறம் கொடுங்கள்.

கேள்வி: ஒரு இடத்தில் 35,376 சதுர கி.மீ., இன்னொன்றில் 38,437, நீங்கள் 37,950. எதை எடுப்பது?

மக்கள்தொகையை எந்த அறிக்கையிலிருந்து எடுக்கிறீர்களோ, பரப்பையும் அதிலிருந்தே எடுங்கள். 38,437 என்பது 2009 கணக்கெடுப்போடு வந்த பரப்பு, 37,950.5 என்பது 2019-உடன் வந்தது. கலந்து கட்டினால் என்ன ஆகும் பாருங்கள்: 2019 மக்கள்தொகையை 35,376-ஆல் வகுத்தால் 8.9 வரும், முழுமையாக்கினால் 9. ஆள் கூடாமலேயே அடர்த்தி கூடிவிட்டது!

இன்னொரு பொறி 2009-இல் இருக்கிறது. அதற்கு முன்பே கழிமுகப் பகுதியைப் பிரித்து டானா டெல்டா என்று தனி மாவட்டம் ஆக்கியிருந்தார்கள். அந்தக் கணக்கெடுப்பில் ‘டானா ரிவர்’ என்ற வரியில் 1,43,411 மட்டும் இருக்கும். டானா டெல்டா வரியில் 96,664. இரண்டையும் கூட்டினால்தான் இன்றைய மாவட்டத்துக்குரிய 2,40,075. முதல் வரியை மட்டும் எடுத்து, “பத்தாண்டில் மக்கள் இரு மடங்குக்கு மேல் பெருகிவிட்டார்கள்” என்று எழுதியவர்கள் உண்டு.

கேள்வி: இதை மாவட்டம் என்பதா, கவுன்டி என்பதா?

2010 அரசியலமைப்பின்படி கவுன்டி. 2013 முதல் சொந்த நிர்வாகமும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநரும் உண்டு. அதற்கு முன் கடற்கரை மாகாணத்தின் மாவட்டம். தமிழில் மாவட்டம் என்றால் போதும், புரியும். தலைநகர் ஹோலா. தொகுதிகள் மூன்று: வடக்கே புரா, நடுவே கலோலே, தெற்கே கார்சன்.

கேள்வி: அங்கே மழை குறைவு என்கிறீர்கள். அப்படியானால் ஆண்டு முழுக்க ஆறு ஓடுவது எப்படி?

உள்நாட்டுப் பகுதியில் ஆண்டுக்கு 300 முதல் 500 மி.மீ. மழைதான். கடலோரத்தில் மட்டும் கூடுதல். ஆற்று நீர் இங்கே பெய்ததல்ல. கென்யா மலையும் அபர்டேர் மலைத்தொடரும் கொடுப்பது. ஏறக்குறைய 1,000 கி.மீ. நீளமுள்ள ஆறு, கரிஸ்ஸாவுக்குக் கீழே வற்றாத துணையாறு ஒன்றுகூட இல்லாமல் கடல் வரை போகிறது. பக்கத்திலிருந்து வந்து சேர்பவை ‘லாகா’ எனப்படும் மணல் ஓடைகள். பெருமழை பெய்தால் சில மணி நேரம் சீறும், பிறகு மணல்தான். ஆகவே கீழே போகப் போக டானா பெருப்பதில்லை. ஆவியாகியும் மண்ணில் இறங்கியும் மெலிகிறது.

மலையில் இரண்டு மழைக்காலம் என்பதால் ஆற்றிலும் இரண்டு ஏற்றம். ஏப்ரல், மே ஒன்று. நவம்பரை ஒட்டி இன்னொன்று. ஊரில் வானம் வெளுத்துக் கிடக்கும்போதே வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கும். உள்ளூர் மழைமானியை மட்டும் பார்த்து வெள்ள எச்சரிக்கை தயாரித்தால் தோற்பதற்குக் காரணம் இதுதான். கரிஸ்ஸாவில் நீர்மட்டம் என்ன, மேலே மசிங்கா அணை நிரம்பி வழிகிறதா என்ற இரண்டையும் முதலில் பாருங்கள்.

கேள்வி: யார் யார் வாழ்கிறார்கள்? சண்டை என்று செய்தியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

போகோமோ மக்கள் பாண்டு மொழி பேசுபவர்கள், ஆற்றங்கரை உழவர்கள். மேல்பகுதிப் போகோமோ பெரும்பாலும் முஸ்லிம்கள், கீழ்ப்பகுதியில் கிறித்தவர்கள் அதிகம். கென்ய நாட்டுப்பண்ணின் மெட்டு இவர்களுடைய தாலாட்டிலிருந்து எடுத்தது. ஓர்மா மக்கள் ஒரோமோ மொழிக் குடும்பத்தவர், மாடு வளர்ப்பவர்கள். வார்தெய் மக்களும் மேய்ச்சல்காரர்களே. வேர் ஓர்மாவோடு, பேச்சு இன்று சோமாலி. இவர்களோடு வடக்கே மலக்கோட்டே, மீன்பிடிக்கும் முன்யோயாயா, வேட்டையாடி வாழ்ந்த வாட்டா போன்ற சிறு குழுக்கள்.

உழவருக்கும் மேய்ப்பருக்கும் நடுவே உள்ள சிக்கலைப் புரிந்துகொள்ள ‘மல்கா’ என்ற ஒரு சொல் போதும். மாடுகள் ஆற்றுக்கு இறங்கித் தண்ணீர் குடிக்கும் வழி அது. கரை நெடுகத் தோட்டங்கள் நெருக்கமாக இருப்பதால் இடையில் விட்ட இந்தச் சந்துகள்தான் மந்தைக்கு உயிர். தோட்டம் ஒவ்வொரு ஆண்டும் நாலடி நகர்ந்தால் மல்கா குறுகும். குறுகிய வழியில் ஐந்நூறு மாடு இறங்கினால் பக்கத்து வாழை மிதிபடும். வறட்சி ஆண்டில் வடக்கேயுள்ள மாவட்டங்களிலிருந்தும் மந்தைகள் கழிமுகப் புல்லைத் தேடி வந்து சேரும். 2012-13 மோதலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேர்தலும் துப்பாக்கியும் அதில் சேர்ந்தன என்பது உண்மை. ஆனால் அடியில் கிடப்பது இந்த வழிப் பிரச்சினை. “பழங்குடிப் பகை” என்று ஒரே சொல்லில் முடிப்பது சோம்பேறித்தனம்.

கேள்வி: வெள்ளத்தை நம்பி விவசாயம் என்றால் சரியாக என்ன செய்கிறார்கள்?

நிலத்தை உயரத்தை வைத்துப் பிரிக்க வேண்டும். ஆற்றை ஒட்டி, வண்டல் படிந்து உயர்ந்த கரைமேடு. அங்கே மாவும் வாழையும். அதற்குப் பின்னால் நிலம் தாழ்ந்து பள்ளமாகும், களிமண், அங்கே நெல். ஆற்றுச் சரிவில் தண்ணீர் வடிய வடிய வெளிப்படும் ஈரச் சேற்றில் மக்காச்சோளம், பயறு, பூசணி.

நெல்லில்தான் நுட்பம். உள்ளூர் மழையில் விதை முளைத்து ஓரளவு உயர்ந்த பிறகு ஆற்று வெள்ளம் பள்ளத்துக்குள் வர வேண்டும், மெல்ல ஏற வேண்டும். நாற்று குட்டையாக இருக்கும்போதே வந்தால் மூழ்கி அழுகும். தாமதமானால் கருகும். பயிர் வளரும் வேகத்தைவிட நீர் வேகமாக ஏறினாலும் போச்சு. வெள்ளமே வராத ஆண்டில் பள்ளம் வெறுமனே வெடித்துக் கிடக்கும். அதனால்தான் ஒரே குடும்பம் மூன்று உயரத்திலும் ஏதாவது பயிரிடப் பார்க்கிறது. ஒன்று போனால் இன்னொன்று நிற்கும். இதற்கு மேல் நீர்யானையும் குரங்கும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: அணைகள் கட்டிய பிறகு வெள்ளம் நின்றிருக்க வேண்டுமே?

மேலே ஐந்து அணைகள், நீரோட்ட வரிசையில்: மசிங்கா, கம்புரு, கிடாரு, கிண்டாருமா, கியம்பேரே. முதலில் கட்டியது கிண்டாருமா, 1968. பெரிய தேக்கமான மசிங்கா 1981. கடைசி கியம்பேரே, 1988.

இவை நடுத்தர வெள்ளத்தைத்தான் விழுங்குகின்றன. அதாவது நெல்லுக்கும் புல்லுக்கும் தேவையான அதே வெள்ளத்தை. பெருவெள்ளம் வரும்போது அணை ஏற்கெனவே நிறைந்திருக்கும், வந்ததை அப்படியே கீழே விடும். 1997-98, 2018, 2023 நவம்பர், 2024 ஏப்ரல் எல்லாம் அணைகளுக்குப் பின் வந்தவைதான். பயனுள்ள வெள்ளம் குறைந்து, கெடுக்கும் வெள்ளம் மிஞ்சியிருக்கிறது.

கரையோரக் காட்டுக்கும் இதே கதி. வெள்ளம் புதிதாகப் போடும் மணல்திட்டில்தான் டானா பாப்லர் மரம் முளைக்கும். அந்தக் காட்டை நம்பி, உலகில் வேறெங்கும் இல்லாத இரண்டு குரங்கினங்கள் இருக்கின்றன: டானா செங்கொலோபஸ், டானா மங்கபே. இரண்டும் மிக அருகிய இனங்கள். இவற்றுக்காக 1976-இல் காப்பகம் அமைத்தார்கள்.

கேள்வி: புரா, ஹோலா பாசனத் திட்டங்கள் ஏன் படுத்தன?

ஹோலாவுக்கு வில்லன் இடம் மாறும் ஆறு, புராவுக்கு டீசல் பம்பு. ஹோலா திட்டத்தின் தொடக்கம் 1950-களில், காலனி அரசு அடைத்து வைத்த மாவ் மாவ் (பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி) கைதிகளின் உழைப்பில். அந்த முகாமில்தான் 1959 மார்ச் 3 அன்று 11 கைதிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். 1989-இல் ஆறு திசை மாறியதும் நீரேற்று நிலையம் தண்ணீரின்றி நின்றது. திட்டம் விழுந்தது, பல ஆண்டு கழித்துத்தான் மீண்டது.

புராவுக்கு 6,700 ஹெக்டேர் திட்டம், நடந்தது சுமார் 2,500. நிரந்தரத் தலைமதகு கட்டி நீர் தானாகப் பாயும்படி செய்வதாக இருந்தது. அதைத் தள்ளிப்போட்டு டீசல் பம்பு வைத்தார்கள். பம்பு நின்றால் பருத்தி காயும். டீசலுக்குப் பணம் இல்லாவிட்டால் பம்பு நிற்கும். தொலைதூரத்திலிருந்து அழைத்து வந்து குடியமர்த்திய குடும்பங்கள் நடுவில் மாட்டிக்கொண்டன. தானாகப் பாயும் கால்வாய் வந்தது மிகவும் பிந்தித்தான்.

வரைபடம் வரைபவர்களுக்கு: புரா என்ற பெயரில் இரண்டு ஊர் உண்டு. மேற்குக் கரையில் இருப்பது இந்த மாவட்டம். கிழக்கே இருப்பது கரிஸ்ஸா மாவட்டத்துப் புரா.

கேள்வி: ‘மதேங்கே’ என்று ஒரு செடி கால்வாயை அடைக்கிறதாமே?

நமக்குப் பழக்கமான ஆள்தான், சீமைக்கருவேலம்! புரா, ஹோலா பக்கம் 1980-களில் விறகுக்காகவும் மண் பறக்காமல் தடுக்கவும் நட்டார்கள். ஆடு மாடு நெற்றைத் தின்று விதையைச் சாணத்தோடு பரப்ப, கால்வாய்க் கரை, கைவிட்ட வயல், மல்கா வழி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேலே வெட்டினால் தூரிலிருந்து தழைக்கும். மண்ணுக்குள் இருக்கும் தூரையும் சேர்த்துத் தோண்டி எடுத்து, அடுத்த மழைக்குப் பின் முளைக்கும் கன்றுகளையும் பிடுங்கினால்தான் நிலம் மீளும்.

கேள்வி: ஆறு கடலில் சேரும் இடம் பழைய வரைபடத்தில் வேறு மாதிரி இருக்கிறது. பிழையா?

பிழையில்லை. முன்பு முகத்துவாரம் இன்னும் தென்மேற்கே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் டானாவையும் பக்கத்து ஓசி ஆற்றையும் இணைத்து பெலசோனி என்ற கால்வாயை வெட்டினார்கள்; வெள்ளம் அதை அகலப்படுத்தி, ஆறே அந்த வழியாகத் திரும்பிவிட்டது. இன்றைய முகத்துவாரம் கிபினி, உங்வானா விரிகுடாவில். கழிமுகம் 2012 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக ஒப்பந்தப்படி முக்கியமானதாகப் பட்டியலிட்ட ஈரநிலம். ஷகபாபோ, பிலிசா போன்ற ஏரிகளும் அங்கே உண்டு. வெள்ளம் எட்டாத ஆண்டுகளில் சுருங்கிவிடும்.

கேள்வி: மேய்ப்பர்கள் ஓரிடத்தில் இருப்பதில்லை. அவர்களை எப்படி எண்ணினார்கள்?

கென்யாவில் கணக்கு, குறிப்பிட்ட இரவில் யார் எங்கே தங்கினாரோ அங்கே. 2019-இல் அது ஆகஸ்ட் 24 இரவு. உள்நாட்டில் நீர் குறையும் காலம், மந்தைகள் ஆற்றை நெருங்கும் காலம். ஆகவே நமக்குக் கிடைப்பது அந்த இரவின் படம். ஏப்ரலில் எண்ணியிருந்தால் உட்பகுதி ஊர்களின் எண் வேறாக இருந்திருக்கும். பக்கத்து ஊர் ஒன்றோடு ஒப்பிடும்போது இதை மறக்காதீர்கள். குடும்பங்கள் 68,242, சராசரியாக வீட்டுக்கு 4.6 பேர்.

கேள்வி: 2029-க்கு எவ்வளவு என்று மதிப்பிடலாம்?

1999-இல் 1,80,901, 2009-இல் 2,40,075, 2019-இல் 3,15,943. முதல் பத்தாண்டில் 1.327 மடங்கு, இரண்டாவதில் 1.316. ஆண்டுக்கு ஏறக்குறைய 2.8 சதவீதம். அதே வேகம் என்றால் 3,15,943 × 1.316, அதாவது 4.16 லட்சத்துக்குப் பக்கம். இதை மேல்வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். வேகம் சற்றே தணிந்து வருகிறது. ஊர் அளவில் இந்தப் பெருக்கலைச் செய்யவே செய்யாதீர்கள். ஒரே வெள்ளத்தில் ஒரு கிராமம் மேட்டுக்கு இடம்பெயர்ந்தால் பழைய ஊரின் எண் பூச்சியம்.

கேள்வி: கரிஸ்ஸாவிலிருந்து மலிந்தி வரை சாலையில் போக எது நல்ல காலம்?

ஜூலை முதல் செப்டம்பர் வரை, அல்லது ஜனவரி, பிப்ரவரி. மடோகோ, புரா, ஹோலா, கார்சன் என்று சாலை பெரும்பாலும் மேற்குக் கரையை ஒட்டியே போகும். கரிஸ்ஸா பாலம் தாண்டியதும் மடோகோவுக்கு முன்னால் இருக்கும் தாழ்வான பகுதிதான் முதலில் மூழ்கும்; 2023-லும் 2024-லும் அங்கேதான் சாலை துண்டானது. தண்ணீர் ஓடும்போது படகில் கடக்கலாம் என்பார்கள். நிரம்பிய படகில் ஏறாதீர்கள், 2024 ஏப்ரலில் அப்படி ஒன்று கவிழ்ந்து உயிர்கள் போயின. தார்ச்சாலையை விட்டுக் கழிமுகத்துக்குள் இறங்குவதானால் மழைக்குப் பிறகு சில நாள் காத்திருங்கள். அங்கே கரிசல் களி, நாலு சக்கர இழுவை வண்டியையும் பிடித்து வைக்கும்.