பழைய காரில் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் நீர்) குறைந்துகொண்டே போகிறது, தரையில் ஈரமே இல்லை. கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்றைக்கு ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள். அதுதான் என் முதல் வேண்டுகோள்.

வாரத்துக்கு அரை லிட்டர் குறைகிறது, கீழே ஒரு சொட்டுக்கூட விழவில்லை, ரேடியேட்டரை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே நிலையில் நான் ஐந்து மாதம் தவித்தேன். என்னுடையது 1098 சிசி என்ஜின் உள்ள மோரிஸ் மைனர். அந்த ஐந்து மாதத்தில் ரேடியேட்டரைக் கழற்றிப் பற்றவைத்தாயிற்று, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டும் மாற்றியாயிற்று, கடைசியில் வாட்டர் பம்பும் புதிதாக வந்துவிட்டது. தண்ணீர் குறைவது மட்டும் நிற்கவில்லை. சந்தேகம் வந்த பாகத்தையெல்லாம் மாற்றினோமே தவிர, கசிவு எங்கே என்று ஒருநாளும் உட்கார்ந்து தேடவில்லை.

தேடுவதற்கு முன்னால், உண்மையிலேயே கசிவு இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்கள் காரில் வழிந்த நீரைப் பிடித்துவைக்கும் தனித் தொட்டி இருக்கிறதா? பல பழைய கார்களில் அது கிடையாது. ரேடியேட்டர் கழுத்திலிருந்து ஒரு சிறு குழாய் கீழே இறங்கும், அவ்வளவுதான். ஐந்து லிட்டர் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸிலிருந்து 90 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ 170 மில்லி பெருகுகிறது. கழுத்துவரை நிரப்பி வைத்தால் அந்த அதிகப்படி நீர் ஓடும்போதே அந்தக் குழாய் வழியாக வெளியேறிவிடும். மறுநாள் திறந்து பார்த்து, குறைந்துவிட்டதே என்று மறுபடி நிரப்புவோம், அது மறுபடி வெளியேறும். என் நண்பர் ஒருவர் ஒரு வருடம் முழுக்க இப்படி நிரப்பிக்கொண்டிருந்தார். அவர் காரில் கசிவே இல்லை. ஆகவே உள்ளே தெரியும் செங்குத்துக் குழாய்களின் வாய் மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி, ஒரு குச்சியில் அளவைக் குறித்துக்கொண்டு, நான்கைந்து நாள் ஓட்டிப் பாருங்கள். மட்டம் ஓரிடத்தில் நின்றுவிட்டால் கவலை இல்லை. அளவு பார்ப்பதற்கு மூடியை என்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

அந்த மூடியையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். மேலே 4, 7, 13 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். எத்தனை பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வரை அது பிடித்துவைக்கும் என்பதை அந்த எண் சொல்கிறது. ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி உயரும். உள்ளேயிருக்கும் ரப்பர் வளையம் இறுகி வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் ஆவியாகவும் நீராகவும் அந்தக் குழாய் வழியே போய்விடும். புது மூடி வாங்கும்போது, கூடுதல் எண் உள்ளது நல்லதுதானே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் மூடியின் எண் 7 என்றால், 7 தாங்கும்படி ஈயப் பற்றுவைத்துச் செய்த பித்தளை ரேடியேட்டர் அது. அதில் 13 மூடியைப் போட்டால் இல்லாத கசிவும் உண்டாகும்.

மூடி நல்லதாக இருந்தும் மட்டம் இறங்குகிறது என்றால், அழுத்தச் சோதனைக் கருவி ஒன்றை இரவல் வாங்குங்கள். கைப்பம்பும் அழுத்தமானியும் சேர்ந்தது, மூடிக்குப் பதிலாக ரேடியேட்டர் கழுத்தில் பொருந்தும். நான் உங்களுக்குச் சொல்ல வருவதில் இதுதான் முக்கியமானது: இந்தச் சோதனையை என்ஜின் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். ஓடும் என்ஜினில் கசியும் நீர் சூடான இரும்பில் பட்டு ஆவியாகிவிடும். மிச்சத்தை ஃபேன் காற்று பின்னால் தள்ளிவிடும். தரை காய்ந்திருப்பதற்குக் காரணம் அதுதான். ஹோஸை இறுக்கும் பழைய கிளிப் ஒன்று ரப்பர் சுருங்கியிருக்கும் குளிரில் மட்டும் கசிந்து, சூடு ஏறியதும் தானே அடைத்துக்கொள்வதும் உண்டு. குளிர்ந்த என்ஜினில், ஃபேன் சுற்றாமல், அழுத்தம் மட்டும் இருக்கும்போது கசிவு ஒளிந்துகொள்ள இடம் குறைவு. மூடியில் உள்ள எண்ணுக்கு மேல் மட்டும் பம்ப் அடிக்காதீர்கள்.

என் காரில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு காலையில் அழுத்தத்தை 7 வரை ஏற்றிவிட்டு டார்ச்சோடு காத்திருந்தேன். பத்து நிமிடத்தில் முள் ஐந்துக்கு இறங்கியது. புதிதாகப் போட்ட வாட்டர் பம்பின் அடியில் ஒரு துளி திரண்டு தொங்கியது. பம்பின் அடியில் சிறு துளை ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் நீர் அதன் வழியாகச் சொட்டி எச்சரிப்பதற்காகவே வைத்திருக்கிறார்கள் (அதை ஒருபோதும் அடைக்கக் கூடாது, அடைத்தால் நீர் பேரிங்குக்குள் போகும்). அப்படியானால் புதுப் பம்பும் பழுதா என்று நெஞ்சு கனத்தது. பிறகு ஒன்று தோன்றியது. எல்லா இடத்தையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, காகிதக் கைக்குட்டையைப் பட்டையாகக் கிழித்து, பம்பின் உடலைச் சுற்றி அதன் மேல்புறமாக ஒட்டவைத்தேன். இரண்டு நிமிடத்தில் காகிதத்தின் மேல் விளிம்பு முதலில் நனைந்தது. நீர் பம்பிலிருந்து வரவில்லை, பம்பின்மேல் வந்து விழுகிறது!

என் காரில் இருப்பது போன்ற ஏ சீரிஸ் வகை என்ஜின்களில் சிலிண்டர் ஹெட்டுக்கும் பம்புக்கும் நடுவே விரல் நீளத்துக்கும் குறைவான பைபாஸ் ஹோஸ் ஒன்று செங்குத்தாக நிற்கும். ஃபேனும் புல்லியும் மறைப்பதால் நேராகப் பார்த்தால் தெரியாது. சிறு கைக்கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் அதன் பின்பக்கம் தெரிந்தது. கீழ்க் கிளிப்புக்குச் சற்று மேலே தலைமுடி அளவு வெடிப்பு, அதன் ஓரத்தில் உப்புப் பூத்தாற்போல் வெளிர்பச்சைப் படிவு. பம்பை மாற்றியபோது அதே பழைய ஹோஸையே திரும்ப நெருக்கிப் பொருத்தியிருக்கிறார்கள்.

தண்ணீர் கீழ்நோக்கித்தான் ஓடும், ஓடும் காரில் பின்னோக்கியும் போகும். ஆகவே சொட்டும் இடத்தைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஈரம் தொடங்கும் மிக உயரமான, மிக முன்னால் உள்ள இடத்தைத் தேடுங்கள். அந்த உலர்ந்த படிவும் நல்ல தடயம். அதனால்தான் தேடுவதற்கு முன்பே என்ஜினைக் கழுவிவிட வேண்டாம் என்கிறேன்.

வெளியே எங்குமே ஈரம் இல்லாமல் முள் மட்டும் இறங்கினால், காருக்குள் ஹீட்டர் இருக்கும் பக்கம் தரைவிரிப்பைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள். காரின் முன்கண்ணாடியில் எண்ணெய்ப் பசை போன்ற மூட்டமும் இனிப்பான வாடையும் ஹீட்டர் கசிவதைக் காட்டிக்கொடுக்கும். என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் அடித்துப் பொருத்திய வட்டத் தகட்டு மூடிகள், அதாவது கோர் பிளக்குகள், உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டையாகும். அவற்றையும் கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டதோ என்ற பயமும் உங்களுக்கு வரலாம். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் போல் படிந்திருப்பதை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வராதீர்கள். குறைந்த தூரமே ஓடும் கார்களில் வெறும் ஈரக்காற்று குளிர்ந்தும் அப்படிப் படியும். ரேடியேட்டர் கழுத்தில் எழும் காற்றை நீலத் திரவத்துக்குள் இழுத்துப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. எரிந்த வாயு கலந்திருந்தால் திரவம் மஞ்சளாக மாறும். ஹெட்டைக் கழற்றச் சம்மதிப்பதற்கு முன் இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

கசிவை அடைக்கும் பொடிகளையும் திரவங்களையும் ஊற்ற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வழியில் நின்றுவிட்டால் வீடு சேர உதவலாம். ஆனால் பல வருடச் சேறு படிந்த பழைய ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டரையும் அதே பொருள் அடைத்துவிடக்கூடும். சோதனையின்போது சிந்தும் கூலன்டை உடனே துடைத்துவிடுங்கள். பெரும்பாலும் அது எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து.

பம்பைக் கழற்றாமலே நுழைக்கும்படி மடிப்பு மடிப்பாகச் செய்த பைபாஸ் ஹோஸ் கிடைக்கிறது. அதைப் பொருத்தி மறுபடி 7 வரை ஏற்றினேன். அரை மணி நேரம் முள் அசையவில்லை. முதல் ஓட்டத்துக்குப் பிறகு என்ஜின் ஆறியதும் கிளிப்புகளை இன்னொரு கால் சுற்று முடுக்கினேன்.

உங்கள் கார் எந்த மாடல், மூடியில் என்ன எண் இருக்கிறது, குளிர்ந்த என்ஜினில் முள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.